போஸ்ட்-பங்க், அதாவது பங்க் ராக்கிலிருந்து 1970களின் கடைசியில் கிளைத்த இசை. அந்தப் பாடல்களில் ஏன் இத்தனை மன வேதனை? கேட்டால் நமக்கும் சோர்வு ஒட்டிக்கொள்ளுமா?

எனக்கு ஒட்டவில்லை. ஆனால் ஜாய் டிவிஷன் என்ற இங்கிலாந்து இசைக்குழுவின் 'ஷீஸ் லாஸ்ட் கன்ட்ரோல்' பாட்டை மட்டும் இன்றும் தனியாக உட்கார்ந்து கேட்க முடிவதில்லை. என் தம்பிக்கு வலிப்பு உண்டு. காரணம் அதுதான்.

குழுவின் பாடகர் இயன் கர்ட்டிஸ், இங்கிலாந்தின் மாக்கிள்ஸ்ஃபீல்ட் ஊரில் மாற்றுத்திறனாளிகளுக்கு வேலை தேடித்தரும் அரசுப் பிரிவில் பணியாற்றியவர். அங்கே வந்துபோன, வலிப்பு நோய் இருந்த ஒரு பெண்ணை வைத்துத்தான் அந்தப் பாட்டை எழுதினார். 1978இலேயே மேடையில் பாடிவிட்டார்கள். அந்த டிசம்பர் கடைசியில், லண்டனில் கச்சேரி முடித்துக் காரில் திரும்பும்போது அவருக்கே வலிப்பு வந்தது.

அப்புறம் மாத்திரைகள். அந்தக் காலத்து வலிப்பு மாத்திரைகள் சில மனநிலையையும் சேர்த்து ஆட்டிவைக்கும். தம்பிக்கு மருந்து மாற்றிய இரண்டு மாதம் வீட்டில் யாரும் யாரோடும் சரியாகப் பேசவில்லை, அதனால் இது எனக்குப் புத்தக விஷயம் இல்லை. இயனோ இதோடு இரவெல்லாம் பயணம், கண் கூசும் மேடை விளக்கு என்று ஓடிக்கொண்டிருந்தார். கைகளை வெடுக் வெடுக்கென்று வீசி அவர் ஆடியது சில நாள் ஆட்டம், சில நாள் நிஜ வலிப்பு. பார்த்தவர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை. 1980 மே 18 அன்று, அமெரிக்கப் பயணத்துக்கு முந்தின நாள், 23 வயதில் தற்கொலை செய்துகொண்டார். வரிகளின் அர்த்தத்தை அப்போது கவனிக்கவே இல்லை என்று குழுவில் அவரோடு வாசித்தவர்களே பின்னாளில் சொன்னார்கள். அவர்களைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. எல்லாரும் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த பையன்கள். இயனும், யாராவது கேட்டால், நன்றாக இருக்கிறேன் என்றே சொல்வாராம்.

"வேதனைதான் அவரை மேதையாக்கியது" என்று எழுதுகிறவர்களைக் கண்டால்தான் எரிச்சல். முதல் ஆல்பத்தின் இருட்டில் பாதி ஸ்டாக்போர்ட் நகரத்து ஸ்டூடியோவில் செய்தது. தயாரிப்பாளர் மார்ட்டின் ஹானெட், டிரம் சத்தங்களைத் தனித்தனியாகப் பதிந்து, காலி மண்டபம் போல ஒலிக்க வைத்தார். குழுவில் சிலருக்கு அது பிடிக்கவே இல்லை. இன்னும் முரட்டுத்தனமாக ஒலிக்க வேண்டும் என்பது அவர்கள் ஆசை.

சரி, உங்களுக்கு ஏற்கெனவே மனம் சரியில்லை என்றால் பாட்டை விடுங்கள், முதலில் ஒரு மருத்துவரைப் பாருங்கள்.

'ஷீஸ் லாஸ்ட் கன்ட்ரோல்' பாட்டில் 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம் வரும். டிரம்மர் ஸ்டீஃபன் மாரிஸ் ஸ்ப்ரே டப்பாவை அழுத்தி எழுப்பியது. அந்த இடம் வந்தால் தம்பி எங்கிருந்தாலும் ஓடிவந்து சவுண்டைக் கூட்டுவான்.