கையடக்கக் கருவிகள் ஆம்புலன்ஸ் பணியாளர் முடிவெடுக்க வருங்காலத்தில் எப்படி உதவும்?

மருத்துவமனைக்குப் போனபிறகு தெரியவரும் பல விஷயங்கள் நோயாளி கிடக்கும் இடத்திலேயே தெரியவரும், அதுதான் முக்கியமான மாற்றம்.

பக்கவாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மூளையில் ரத்தக்குழாய் அடைத்திருக்கிறதா, வெடித்துக் கசிகிறதா என்று வெளியே பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது. அடைப்பு என்றால் ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை வழக்கமாக 4.5 மணி நேரத்துக்குள் கொடுக்கவேண்டும், கசிவு என்றால் அதே மருந்து உயிருக்கே ஆபத்து. அதனால்தான் 2008-இல் ஜெர்மனியில் சி.டி. ஸ்கேனரையே ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். நல்ல ஏற்பாடுதான், ஆனால் அந்த வண்டியும் அதற்கான ஆட்களும் எல்லா ஊருக்கும் கட்டுப்படியாகாது. மூளையில் கசிவு வந்தால் ஜி.எஃப்.ஏ.பி. என்ற புரதம் ரத்தத்தில் வேகமாகக் கூடும். சில சொட்டு ரத்தத்தில், சில நிமிடங்களில் அதை நம்பகமாகக் காட்டும் கருவி பரவலாகக் கைக்கு வந்துவிட்டால், எந்த மருத்துவமனைக்கு ஓட்டுவது என்ற முடிவே மாறும். என்னைக் கேட்டால் இதற்குத்தான் முதலில் பணம் போடவேண்டும்.

அப்புறம், போனில் செருகும் அல்ட்ராசவுண்ட் இப்போதே இருக்கிறது, படத்தை வாசிக்க ஏ.ஐ. இன்னும் கைகொடுக்கும்.

ஆனால் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் கருமையான தோலில் ஆக்சிஜன் அளவைக் கூட்டிக் காட்டக்கூடும். அளவு தப்பினால் அதை வைத்து ஏ.ஐ. சொல்லும் யோசனையும் தப்பும், ஆகவே எவ்வளவு உறுதியாகச் சொல்கிறது என்பதையும் கருவி காட்டவேண்டும், அதை மறுக்கும் உரிமை பணியாளரிடமே இருக்கவேண்டும்.