பழைய மூன்று பாக ரேசரில் பிளேடு ஒரு பக்கம் மட்டும் நீட்டிக்கொண்டிருப்பது குறித்து

வணக்கம். தாத்தாவின் ரேசரில் புதிய பிளேடைப் பொருத்தினால் ஒரு பக்கம் கூடுதலாக வெளியே தெரிகிறது, அந்தப் பக்கம் கழுத்தை வெட்டுகிறது என்று எழுதியிருந்தீர்கள். பிளேடு பொருந்தாததே காரணம் என்ற உங்கள் ஐயம் தேவையற்றது. பிளேடை மட்டும் மாற்றிக்கொள்ளும் ரேசருக்குக் கிங் கேம்ப் ஜில்லெட் 1904இல் காப்புரிமை பெற்ற அமைப்பின் அடிப்படை இன்றும் மாறவில்லை; ஆகவே இன்றைய பிளேடும் அதில் பொருந்தும்.

சவரக்கத்தி தன் தடிமனால் உறுதி பெறுகிறது. ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் தடிமனே உள்ள இந்தப் பிளேடுக்கோ அப்படிச் சொந்த உறுதி கிடையாது. கைப்பிடியைத் திருகும்போது வளைந்த மேல்மூடிக்கும் அடித்தட்டுக்கும் இடையில் அழுத்தி வளைக்கப்படுவதால்தான் அது விறைப்பாக நிற்கிறது. (இவ்வளவு மெல்லிய எஃகைக் கடினப்படுத்தும் வழியைக் கண்டறிந்த வில்லியம் நிக்கர்சனை நாம் போதுமான அளவு நினைவுகூர்வதில்லை என்பது என் வருத்தம்.) ஆகவே திருகு தளர்ந்திருந்தாலோ, இறுக்கும்போது பிளேடு சற்றே நகர்ந்தாலோ நீங்கள் சொல்லும் கோணல் தோன்றும்.

மேல்மூடியைக் கவிழ்த்து வைத்து, பிளேடையும் அடித்தட்டையும் அதன்மேல் அடுக்கி, கூரில்லாத இரு குறுகிய ஓரங்களையும் விரல்களால் பிடித்தபடி இறுக்குங்கள். அப்போதும் கோணல் இருந்தால் அடித்தட்டை (கவிழ்க்காமல்) அரைச்சுற்று திருப்பிப் பொருத்திப் பாருங்கள்; கோணலும் பக்கம் மாறினால், எப்போதோ கீழே விழுந்து அடித்தட்டு வளைந்திருக்க வாய்ப்புண்டு. அதைச் சரிசெய்யும்வரை அந்த ரேசரைக் கழுத்தில் வைக்காதீர்கள்.