வோகன் எழுதி வைத்துக்கொள்ளவில்லையா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிரிட்டனின் பிபிசி ரேடியோ 2-இல் அறிவிப்பாளர் டெரி வோகன் எந்தத் தயாரிப்பும் இல்லாமல் ஸ்டுடியோவுக்குள் நுழைந்து தினமும் காலை இரண்டு மணி நேரம் பேசினார், சுமார் 80 லட்சம் பேர் கேட்டார்கள் என்கிறார்கள். அடுத்த மாதம் எங்கள் சமுதாய வானொலியில் காலை நிகழ்ச்சி நடத்தப்போகிறேன். எனக்கும் எழுதிப் படிப்பது ஒத்துவராது. அவர் வழியில் போகலாமா?

க., காரைக்குடி

அன்புள்ள க.,

கேள்விப்பட்டதில் பாதிதான் உண்மை. வோகன் எழுதிவைத்துப் படிக்கவில்லை. ஆனால் அவர் முன்னால் காகிதம் எப்போதும் இருந்தது: நேயர்களின் கடிதங்கள், ஃபேக்ஸ், பின்னாளில் மின்னஞ்சல். சஃபர் டான்ட்ரிட்ஜ் என்பது போன்ற புனைபெயர்களில் ஆட்கள் வருடக்கணக்கில் எழுதினார்கள். குழந்தைப் பாடநூல் நடையைக் கேலிசெய்யும் 'ஜேனட் அண்ட் ஜான்' கதைகளை எழுதியதும் ஒரு நேயர்தான். வோகன் முகத்தை நேராக வைத்துக்கொண்டு இரட்டை அர்த்தத்தோடு வாசிப்பார். எதிரே செய்தி வாசிப்பாளர் ஜான் மார்ஷ் சிரிப்பை அடக்க முடியாமல் திணறுவார். அந்தத் திணறல்தான் நிகழ்ச்சி.

இன்னொன்றையும் கணக்கில் கொள்ளுங்கள். வோகன் 1938-இல் அயர்லாந்தின் லிமெரிக்கில் பிறந்து, வங்கி வேலையை விட்டு அயர்லாந்து வானொலியில் செய்தி வாசித்தவர். 1972 ஏப்ரலில் ரேடியோ 2-இன் காலை நேரம் கைக்கு வந்தபோது ஏறத்தாழ பத்து வருஷம் மைக்கில் பழகியிருந்தார். 1984 கடைசியில் விலகித் தொலைக்காட்சிப் பேட்டிகளுக்குப் போனார். 1993-இல் திரும்பி வந்து 2009 டிசம்பர்வரை இருந்தார். என்னைக் கேட்டால் இரண்டாவது சுற்றுதான் உசத்தி. முதல் சுற்றில் 'டாலஸ்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரைக் கிண்டலடித்தார், உடம்பைக் குறைக்கப் பயிற்சி சொன்னார். சுமை முழுக்க அவர் தோளில். இரண்டாவதில் நேயர்கள் பாதியைத் தூக்கிக்கொண்டார்கள்.

இனி உங்கள் வேலை. ஒவ்வொரு லிங்க்குக்கும் (இரண்டு பாட்டுக்கு நடுவே நீங்கள் பேசும் பேச்சு) கடைசி வாக்கியத்தை மட்டும் எழுதிவையுங்கள். புதியவர்கள் மாட்டிக்கொள்வது தொடக்கத்தில் அல்ல. முடிக்கத் தெரியாமல் 'அதனால... சரி... அடுத்த பாட்டு' என்று இழுக்கும் இடத்தில்தான். போகும் ஊர் தெரிந்தால் வழியில் உளறினாலும் குற்றமில்லை. பாட்டின் முன்னிசை 18 நொடி என்றால் 14-இல் வாயை மூடுங்கள். அதற்கு 25 சொல் போதும். பாடகர் குரல்மேல் ஏறினால் இரண்டுமே கெடும்.

ஆகாசவாணிச் செய்தியை 8 மணிக்கு அஞ்சல் செய்கிறீர்கள் என்றால் கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். கடைசிப் பாட்டு 4 நிமிடம் 10 நொடி, நிலையத்தின் பெயர் சொல்லும் ஜிங்கிள் 15 நொடி என்றால் பாட்டு 7:55:35-க்குத் தொடங்க வேண்டும். தொடங்கும்போதே 20 நொடி தாமதம் என்றால் அந்தப் பாட்டை விட்டுவிட்டு, குறைந்த நீளத்தில் கையிருப்பில் உள்ள வாத்திய இசையைப் போடுங்கள். பாட்டை நடுவில் வெட்டினால் அன்றைக்கு முழுக்க அதைப் பற்றித்தான் போன் வரும்.

மைக்குக்கும் வாய்க்கும் ஒரு சாணுக்கும் சற்றுக் குறைவு. கேட்பது ஒரே ஒருவர் என்றே வோகன் பேசினார், குரலை உயர்த்தவில்லை. 'நேயர்களே' என்று மேடை கட்டாமல் 'நீங்க' என்று பேசுங்கள்; இட்லித் தட்டோடு நிற்கும் ஒருவருக்கு அதுதான் காதில் ஏறும்.

முதல் சில வாரம் கடிதம் வராது. அதற்காக நீங்களே எழுதி 'ஒரு நேயர் கேட்கிறார்' என்று படிக்காதீர்கள், குரலிலேயே தெரிந்துவிடும். 'உங்கள் கருத்தை அனுப்புங்கள்' என்றாலும் யாரும் அனுப்ப மாட்டார்கள். 'உங்க தெருவுல காலையில முதல்ல கடை திறக்கிறது யாரு?' என்று ஒற்றைவரிப் பதில் உள்ளதாகக் கேளுங்கள். வாட்ஸ்அப் எண்ணை மணிக்கு நாலு தடவை, நேரம் சொன்ன கையோடு சொல்லுங்கள். ஏழரைக்கு வந்த பதிலை எட்டுக்குள் படித்துவிடுங்கள். மறுநாளைக்கு வைத்தால் அனுப்பியவர் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்.