வேலையைப் பிரிக்காமல் வேளையைப் பிரித்தோம்

கேள்வி: உடன்பிறந்தவரோடு ஒரே வீட்டில் இருக்கும்போது சமையலையும் மற்ற வேலைகளையும் எப்படிப் பங்கிட்டுக்கொள்கிறீர்கள்? சமையல் தெரியாதவர் எதிலிருந்து தொடங்கலாம்?

எங்களுக்குச் சொந்த ஊர் தென்காசிப் பக்கம். நானும் அக்காவும் வேலைக்காகச் சென்னையில் வாடகை வீட்டில் இருக்கிறோம். வந்த புதிதில் அக்கா சமைப்பாள், நான் பாத்திரம் தேய்த்து வீடு பெருக்குவேன். பார்த்தால் நியாயமான ஏற்பாடுதான். ஆனால் நாளைக்கு என்ன செய்வது என்ற யோசனை முழுக்க அவள் தலையில்தான். உளுந்து தீர்ந்துவிட்டதா, மாவு புளிப்பேறிவிடுமா, கொண்டைக்கடலையை ராத்திரியே ஊறப்போட வேண்டுமா என்று ஆபீஸிலும் அதே நினைப்பு. "கை வேலைய நீ வாங்கிக்கிட்ட, மண்டை வேலைய யாருடா வாங்குவா?" என்று ஒருநாள் கேட்டாள்.

அப்புறம்தான் வேளையைப் பிரித்தோம். காலைச் சாப்பாடும் மதிய டப்பாவும் ஒருவர் பொறுப்பு, ராத்திரிச் சாப்பாடு மற்றவர் பொறுப்பு. மாதம் மாறினால் பொறுப்பும் மாறும். பொறுப்பு என்றால் என்ன சமைப்பது என்று முடிவெடுப்பதில் தொடங்கி, சாமான் வாங்கி, சமைத்து, மேடையைத் துடைப்பது வரைக்கும். துணி, குப்பை, தண்ணீர் கேன் எல்லாம் கையொழிந்தவர் பார்த்துக்கொள்வோம்.

அக்கா எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது ரசம். நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்து, பழுத்த தக்காளியைக் கையாலேயே பிசைந்து சேர்த்து, மஞ்சள்தூளும் உப்பும் போட்டுப் பச்சை வாசனை போகக் கொதிக்கவிட வேண்டும். பிறகு ஒன்றிரண்டாகத் தட்டிய மிளகு, சீரகம், பூண்டு, கூடவே பருப்புத் தண்ணீர். இனிமேல் அடுப்பை விட்டு நகரவே கூடாது. ஓரத்தில் நுரை கட்டி நடுவுக்கு வரும்போது இறக்கிவிட வேண்டும். தளதளவென்று கொதித்தால் மணம் போய்விடும். கடைசியில் நெய்யில் கடுகு, பெருங்காயம், கறிவேப்பிலை தாளிப்பு. எத்தனை நிமிடம் என்று கேட்டால் சொல்லமாட்டாள். "நுரையப் பாருடா" என்பாள்.

அடுத்தது இட்லி மாவு. இட்லி அரிசி 4 பங்குக்கு உளுந்து 1 பங்கு, ஒரு ஸ்பூன் வெந்தயம். உளுந்துக்குத் தண்ணீரை மொத்தமாக ஊற்றாமல் தெளித்துத் தெளித்து அரைக்க வேண்டும். ஒரு துளி எடுத்துத் தண்ணீரில் போட்டால் மிதக்கும், அதுதான் பதம்.

ஊரிலிருந்து வந்த அத்தை நான் கிரைண்டர் பக்கத்தில் நிற்பதைப் பார்த்துவிட்டு, "ஆம்பளப் பிள்ளைய அடுப்படில நிப்பாட்டிட்டியே" என்று அக்காவிடம் குறைபட்டார். "அவனும் சாப்பிடத்தான செய்யுதான் அத்தே" என்றாள் அக்கா. எனக்கு அந்தப் பதில் அவ்வளவு பிடித்தது.

2019-இல் மத்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுவதாக வந்தது. ஆண்களுக்கு 97 நிமிடம். அப்படிச் செய்கிற ஆண்களே நூற்றுக்கு 26 பேர்தான். அக்கா தங்கையோடு இருக்கும் பையன்கள் கல்யாணத்துக்கு முன்பே இதைப் பழகிவிட வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன்.

நீங்கள் புதிதாகத் தொடங்குவதானால் ராத்திரிச் சாப்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் டப்பா கட்டும் அவசரத்தில் எதுவும் கற்க முடியாது. சாதம், ரசம், ஒரு பொரியல் வந்தால் போதும். சொல்லிக்கொடுப்பவரிடமும் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: எவ்வளவு நேரமானாலும் கரண்டியை உங்கள் கையிலிருந்து வாங்காமல் பக்கத்தில் நின்று சொல்லட்டும்.