கப்டன் திருந்த வேண்டாம்

கேள்வி: தரம் 4 படிப்பிக்கிறேன். வகுப்பைக் கூட்டச் சொன்னால் பெடியன்கள், "அது பொம்பிளைப் பிள்ளைகளின்ர வேலை ரீச்சர்" என்கிறார்கள். ஆணும் பெண்ணும் சமம் என்று ஒரு நாடகம் போட்டோம், வசனமெல்லாம் அழகாகச் சொன்னார்கள். மறுநாளும் தும்புத்தடி பெண் பிள்ளைகளின் கையில்தான். என்ன செய்யலாம்?
- ஆசிரியை, உப்புவெளி

பதில்: ரீச்சர், தமிழ்த் தினப் போட்டி மேடைக்கு ஏற்ற நாடகமாகப் போட்டிருக்கிறீர்கள் போல. அதில் கெட்டவன் கடைசியில் திருந்திவிடுவான், பிள்ளைகளுக்கு யோசிக்க ஒன்றும் மிஞ்சாது. இந்த முறை முடிவே இல்லாத நாடகம் ஒன்றைச் செய்து பாருங்கள். பிரேசில்காரர் அகஸ்தோ போவால் 1970களில் வளர்த்தெடுத்த ஒடுக்கப்பட்டோர் அரங்கில் இதற்கு நல்ல வழி இருக்கிறது.

கடற்கரையில் கிரிக்கெட் நடக்கிறது என்று வையுங்கள். ஒரு பிள்ளை "நானும் வரட்டா?" என்று கேட்கிறாள். கப்டன், "நீ போய்ப் பந்து பொறுக்கு" என்கிறான். பக்கத்தில் நிற்கும் அவளுடைய சிநேகிதன் நிலத்தைப் பார்க்கிறான், அவள் திரும்பிப் போகிறாள், அவ்வளவுதான் நாடகம், மூன்று நிமிடம் போதும். பிறகு அதையே திரும்ப நடத்துங்கள். இப்போது பார்த்துக்கொண்டிருக்கும் எந்தப் பிள்ளையும் "நிறுத்து!" என்று கத்தி எழும்பி வந்து அவளுடைய இடத்திலோ சிநேகிதனின் இடத்திலோ நின்று வேறு விதமாகச் செய்து பார்க்கலாம். கப்டனின் இடத்தை மட்டும் யாருக்கும் கொடுக்காதீர்கள். அவனை நல்லவனாக மாற்றிவிட்டால் கதை உடனே முடிந்துவிடும், ஆனால் வெளியே நிஜக் கப்டன் அப்படி மாறமாட்டானே.

அந்தக் கப்டனாக நீங்களே நடியுங்கள். ஒரு பெடியனுக்குக் கொடுத்தால் இடைவேளைக்கும் அவன்தான் கெட்டவன் என்றாகிவிடும். லேசில் விட்டுக்கொடுக்கவும் வேண்டாம். அழுதால் "பார், அழுகிறாள்" என்று சொல்லுங்கள், "சேரிட்டச் சொல்லுவன்" என்றால் "சொல்லு, நாளைக்கு எப்படி விளையாடுவாய்?" என்று கேளுங்கள். யாராவது ஒருவர் அந்தச் சிநேகிதனின் இடத்துக்கு வந்து "அவள் இல்லாட்டி நானும் விளையாடமாட்டன்" என்று சொல்லும்வரை பொறுத்திருங்கள். தாங்கள் எங்கே நிற்கிறோம் என்று பெடியன்கள் யோசிக்கத் தொடங்குவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான், அதனால் அந்தப் பாத்திரத்தை வெட்டிவிடாதீர்கள். முடிந்ததும் கப்டனின் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, "இப்ப நான் ரீச்சர்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு அது தேவை.

யாருடைய வீட்டுக் கதையையும் அப்படியே நடிக்க வைக்காதீர்கள். அப்புறம், அதே கிழமை கூட்டுகிற முறையை இடாப்பு வரிசைக்கு மாற்றிவிடுங்கள், ஆண் பெண் பார்க்காமல். நாடகம் ஒன்று சொல்ல வகுப்பில் வேறொன்று நடந்தால் பிள்ளைகள் இரண்டாவதைத்தான் நம்புவார்கள்.

கேள்வி: பள்ளிக்கூட நாடகத்தில் என் மகனுக்கு அம்மா வேஷம். சொந்தக்காரர் கேலி செய்கிறார்கள். வேண்டாம் என்று சொல்லவா?
- தந்தை, மூதூர்

பதில்: கேலி செய்கிறவர்களுக்கு நம் கிழக்கின் கூத்துக் களரியை நினைவுபடுத்துங்கள். அங்கே அரசிகளாக ஆடி வந்தவர்கள் ஆண்கள்தான், ஊர் அவர்களை மதித்தது. நீங்கள் ரீச்சரிடம் கேட்க வேண்டியது வேறு. அந்த அம்மா எதற்காக வருகிறாள்? சேலை தடுக்கி விழுந்து சிரிப்பு மூட்டவா, வேலையால் வந்து சமைத்து, கணக்கும் சொல்லிக்கொடுத்து, ஒருவரும் உதவாமல் களைத்துப்போகிற ஒருத்தியாகவா? முதலாவது என்றால் கட்டாயம் ஆட்சேபியுங்கள், அங்கே சிரிப்பது பெண்ணைப் பார்த்துத்தான். இரண்டாவது என்றால் சந்தோஷமாக விடுங்கள், வீட்டில் ஒருநாள் அவனோடு சேர்ந்து நீங்களும் தேங்காய் துருவுங்கள்.

கேள்வி: புலமைப்பரிசில் பரீட்சை இருக்கும்போது வகுப்பில் நாடகத்துக்கெல்லாம் எங்கே நேரம்?
- பெற்றோர், நிலாவெளி

பதில்: ஒரு பாடவேளை போதும். சுற்றாடல் பாடத்தில் குடும்பம் பற்றி வரும்போதே செய்துவிடலாம். எழும்பி நின்று தன் கருத்தைச் சொல்லிப் பழகுகிற பிள்ளைக்கு மொழியும் சேர்ந்தே வளரும்.