ஹோம்ல இடமில்லன்னு திருப்பி அனுப்பின பிள்ளைய யாரு கணக்குல எழுதுவாங்க?

குழந்தைகள் காப்பகத்துல (ஹோம்) இடம் பத்தலன்னா அரசாங்கத்துல யாரு அதைக் கேக்கணும்னு கேட்டிருக்கீங்க. நான் தேன்கனிக்கோட்டை பக்கம் ஒரு அரசுப் பள்ளிக்கூடத்துல டீச்சர்.

சட்டப்படி பாத்தா கலெக்டர்தான். பாதுகாப்பு தேவைப்படற பிள்ளைங்களுக்கும் பொருந்தற 2015 இளைஞர் நீதிச் சட்டத்துல 2021ல திருத்தம் வந்துச்சு, 2022 செப்டம்பர்லருந்து அமல். குழந்தைகள் நலக் குழு, அதாவது அந்த மாதிரி பிள்ளைய எங்க தங்க வைக்கறதுன்னு முடிவு பண்ற குழு, மூணு மாசத்துக்கு ஒருதடவை எத்தனை கேஸ் முடிஞ்சுது எத்தனை நிக்குதுன்னு அவருக்கு ரிப்போர்ட் குடுக்கணும். ஹோமையும் மூணு மாசத்துக்கு ஒருதடவையாவது ஆய்வுக் குழு போய்ப் பாக்கணும்.

ஆனா ஆய்வுல பாக்கறது உள்ள இருக்கற பிள்ளைங்கள. சாப்பாடு, பாத்ரூம், பதிவுச் சான்றிதழ் எல்லாம் பாக்க வேண்டியதுதான், தமிழ்நாட்டுக் காப்பகங்கள்ல நடந்த கொடுமை பத்தின வழக்குலதானே சுப்ரீம் கோர்ட் 2017ல எல்லா ஹோமும் பதிவு பண்ணியே ஆகணும்னு சொல்லுச்சு. வாசலோட திரும்பின பிள்ளை?

என் கிளாஸ்ல ஒரு பொண்ணு, பத்தாவது. அப்பா அம்மா பெங்களூர்ல கட்டட வேலை, இவ பாட்டி வீட்டுல. கல்யாண ஏற்பாடு நடக்குதுன்னு தெரிஞ்சு நான்தான் குழந்தைகள் உதவி எண் 1098க்கு போன் பண்ணேன், வந்து நிறுத்தினாங்க, 24 மணி நேரத்துக்குள்ள நலக் குழு முன்னாடி நிறுத்தணும், அதையும் செஞ்சாங்க. தங்க வைக்கத்தான் இடமில்ல. ஒரு ஹோம் ஃபுல்லு, இன்னொண்ணும் ஃபுல்லு, வேற மாவட்டத்துக்கு அனுப்பினா பரீட்சை போயிடும்னு பேசிப் பேசி கடைசில அவ அப்பாகிட்ட 18 வயசு வரைக்கும் கட்டிக் குடுக்க மாட்டேன்னு எழுதி வாங்கிட்டு வீட்டுக்கே அனுப்பிட்டாங்க. ரெண்டு மாசத்துல அவ ஸ்கூலுக்கு வர்றது நின்னுபோச்சு. கர்நாடகா பக்கம் ஒரு கோயில்ல முடிச்சிட்டாங்கன்னு அவ கூட்டாளி அழுதுட்டே சொன்னா. ஃபைல்ல மட்டும் "பெற்றோரிடம் ஒப்படைப்பு", கேஸ் முடிஞ்சுது.

என்னால இத தாங்கவே முடியல. ஏன்னா அதே சட்டத்துலயே வளர்ப்புக் குடும்பம்னு ஒரு வழி இருக்கு, தத்து எடுக்கறது இல்ல, கொஞ்ச காலம் வீட்டுல வெச்சுப் பாத்துக்கறது, மிஷன் வாத்சல்யாங்கற மத்திய அரசுக் குழந்தைகள் நலத் திட்டத்துல மாசம் 4,000 ரூபாய் உதவியும் உண்டு. எங்க ஸ்டாஃப் ரூம்லயே ரெண்டு பேர் கூட்டிட்டுப் போயிருப்போம். அப்படி ஒண்ணு இருக்குன்னு அன்னிக்கு எங்ககிட்ட யாரும் சொல்லல.

அதனால கலெக்டர் ரிவ்யூல கேக்க வேண்டியது இதுதான்: இந்த மூணு மாசத்துல இடமில்லாம எத்தனை பிள்ளைங்கள வீட்டுக்குத் திருப்பினீங்க, எத்தனை பேர வெளி மாவட்டம் அனுப்பினீங்க, எத்தனை வளர்ப்புக் குடும்பத்தத் தயார் பண்ணி வெச்சிருக்கீங்க? போன திங்கக்கிழமை மனு நாள்ல இதையே எழுதிக் குடுத்துட்டு வந்தேன், ரசீது வாங்கி வெச்சிருக்கேன்.