தொகுதி யாருடையது?

கேள்வி: மழை வந்தால் சாக்கடைத் தண்ணீர் வாசற்படி வரை வருகிறது. என் ஓட்டு வேலூரில். இங்கே எம்.எல்.ஏ.விடம் மனு கொடுக்கலாமா?
– ஒரு வாசகி, ஒயிட்ஃபீல்டு, பெங்களூரு

பதில்: தாராளமாகக் கொடுங்கம்மா. ஓட்டு எங்கே இருந்தாலும், குடியிருப்பவருக்கும் அவர்தான் எம்.எல்.ஏ. உங்கள் மகாதேவபுரா, 2008 மறுவரையறையில் உருவான தனித்தொகுதி. முதல் மூன்று தேர்தலிலும் அரவிந்த் லிம்பாவளி, 2023இல் அவர் மனைவி மஞ்சுளா. மனுவைக் கன்னடத்தில் எழுதி, கிராஸ் (குறுக்குத் தெரு) நம்பர், போட்டோ, தெருக்காரர்கள் கையெழுத்து எல்லாம் சேருங்கள். நகலில் சீல் வாங்காமல் வராதீர்கள். அப்புறம், அங்கேயே நிலைத்துவிட்டீர்கள் என்றால் படிவம் 8 கொடுத்து ஓட்டையும் மாற்றுங்கள். இரண்டு ஊரிலும் பெயர் இருக்கக் கூடாது. ஓட்டில்லாத தெருவை யாரும் அவசரமாகத் தேடி வருவதில்லை என்பது என் வருத்தம்.